முப்பதுக்கு முப்பது

விழட்டும், இந்த ஒரு கட்டையாவது விழட்டும் என்று டியூஷன் டீச்சர் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். அவளுடைய இரண்டே முக்கால் வயது மகள் சுண்டு, எட்டாவது கட்டையைக் கோபுரத்தின் உச்சியில் வைத்தாள். அது நின்றது. எதிரே அமர்ந்து சோதித்துக்கொண்டிருந்த, வளர்ச்சி பிந்திய குழந்தைகளுக்கான பயிற்சி மையத்து அக்கா படிவத்தின் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டாள்.

— ஆடக்கூட இல்லை பாருங்க டீச்சரம்மா. ஆறு மாசம் முன்னால கட்டையை வாயில வச்சுட்டு உக்காந்திருந்த பொண்ணா இது?

— ம்.

— என்ன ம்? போன தடவை பதினொண்ணு. இன்னைக்கு முப்பதுக்கு முப்பது. வேற யாராவதா இருந்தா என்னையே தூக்கிச் சுத்தியிருப்பாங்க. சுண்டு தங்கம், முடிஞ்சுது, போய் பந்து எடுத்து விளையாடு.

— போகமாட்டா. அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கா.

— பொறுமைசாலி. சரி, கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க.

— போட்டா என்ன ஆகும்க்கா?

— இனிமே செவ்வாய், வெள்ளி பயிற்சிக்கு வர வேண்டாம். அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும். வெளியில பெஞ்சைப் பாத்தீங்கல்ல, எத்தனை பேருன்னு.

— அவளுக்கு அந்தப் பயிற்சி வேணும்க்கா.

— நல்லாயிருக்கே கதை. முழு மார்க் வாங்கின பிள்ளையை எந்த டீச்சராவது ஃபெயிலாக்கச் சொல்வாங்களா?

— போன தடவை இந்தப் படிவத்துல ஒரு நகல் குடுத்தீங்க.

— எல்லாருக்கும் குடுக்குறதுதான். வீட்டுல கவனிக்கணும்னு.

— பழைய கேள்வித்தாளை வச்சே மக்குப் பிள்ளைங்களைக் கரையேத்துறவ நான். கை சும்மா இருக்குமா? முப்பது கேள்வியையும் தினம் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சரியா செஞ்சா கை தட்டுவேன்.

— அட, நல்லதுதானே. சொல்லிக்குடுத்தா பிடிச்சுக்குறாளே, அதுவே பெருசு.

— முந்தாநாள் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

— முந்தாநாள் என்ன?

— கொதிக்கிற தண்ணி கையில கொட்டிடுச்சு. அடுப்படியிலயே உக்காந்து அழுதுட்டேன். ஓடி வந்தா. முன்னால நின்னு என் முகத்தையே பாத்தா. வலியே மறந்து போச்சுக்கா. அம்மா அழுறது பிள்ளைக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு.

— அப்புறம்?

— என் மூக்கைத் தொட்டா. அடுத்து கண்ணு. அடுத்து காது. படிவத்துல இருக்குற வரிசை மாறாம. முடிச்சுட்டு, நான் கை தட்டணும்னு நின்னா.

— ஐயோ.

— தட்டினேன்க்கா. வெந்த கையாலயே. வேற என்ன செய்யுறதுன்னு தெரியலை.

— முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?

— இப்ப சொல்றேனே. வேற கேள்வி கேளுங்க. நான் சொல்லித்தராதது ஒண்ணு.

— என்கிட்ட இருக்குறதே இந்த முப்பதுதான். கண்ணால பாத்ததைத்தான் நான் எழுத முடியும். மறுபடி சோதிக்கிறது ஆறு மாசம் கழிச்சு.

— அப்ப அவளுக்கு மூணு தாண்டியிருக்கும். மூணு வயசுக்கு மேல இங்க பயிற்சிக்கு எடுக்கமாட்டீங்க.

— ஆமா.

— அப்போ?

— என் கையில ஒண்ணும் இல்லை டீச்சரம்மா. நீங்க போடாட்டியும் அந்த இடம் போறது போறதுதான். படிவம் முழுசாகணும், அவ்வளவுதான். போட்டுடுங்க, புண்ணியமாப் போகும்.

— இல்லக்கா, போடமாட்டேன். இந்தப் பரீட்சையை எழுதுனது நான். அவகிட்ட இன்னும் யாரும் ஒண்ணுமே கேக்கலை.