ஸ்டிக்கர் ஒட்டிய இடம்

சைக்கிள் டயருக்குக் காற்று அடிப்பதை யாரும் பெரிய வித்தையாக நினைப்பதில்லை. விரலால் அழுத்திப் பார்த்து, கல் மாதிரி இருந்தால் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். சுவரிலிருந்து சுவருக்குத் தாவுகிற வண்டிக்கு அப்படி அடித்தால், இறங்கும்போது டயர் எகிறி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். குறைத்து அடித்தால் ரிம் தரையில் இடித்து நசுங்கும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அது ஓட்டுகிறவனின் எடையைப் பொறுத்தது, காலையில் அவன் சாப்பிட்ட நாசி லெமாக்கையும் சேர்த்து. சக்தியின் வண்டிக்கு அந்த அளவைக் கண்டுபிடித்தவன் நான்.

வைஷாலி மேடம், நீங்கள் சக்தியின் வழக்கறிஞர், எனக்கு அல்ல. நான் சொல்வதை ரகசியமாக வைத்திருக்கும் கடமை உங்களுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ரெக்கார்டர் ஓடட்டும். வண்டியின் பாகங்களைப் பூட்டியது யார் என்று ஒரு சின்ன வாக்குமூலம் போதும் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். வந்து உட்கார்ந்தவுடன், ஃபிரேம் செய்த கம்பெனி உங்கள் வழக்குக்குக் கொடுத்த பதிலையும் படித்துக் காட்டினீர்கள். ஃபிரேமில் குறை இல்லையாம். பூட்டியவன் கைப்பிடிக்குக் கீழே இருக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதால்தான் உடைந்ததாம். அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

என் பெயர் இராஜசிங்கம் மிதுனன். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. நம் ஊரில் பாதுகாப்புக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் சிந்திய இடத்தில் மஞ்சள் பலகை வைக்க ஓர் ஆள், பலகை நேராக நிற்கிறதா என்று பார்க்க இன்னோர் ஆள். அந்த இன்னோர் ஆள் நான். பாரம் தூக்கும் கொக்கியிலோ சங்கிலியிலோ மயிரிழை விரிசல் கண்டால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவைப்பது என் வேலை. அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. போன ஆண்டு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். அதில் என் பெயரைத் தப்பாகப் பொறித்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு காலத்தில் நானும் தாவினேன். முழங்கால் போனது, விட்டுவிட்டேன். பிறகு தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சக்தி சைக்கிளில் குதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இருபத்து மூன்று வயதுப் பையன், ஒரு மருந்துக் கடையில் கேஷியர். பயம் என்றால் என்னவென்று தெரியாது. பயம் மட்டுமல்ல, வேறு எதுவுமே தெரியாது. அவன் வண்டியில் தங்க நிறச் செயின், ஊதா நிறப் பெடல், ஒரு கல்யாண மண்டபத்துக்கு வேண்டிய அலங்காரம் எல்லாம் இருந்தது. பிரேக்கைப் பிடித்தால் மட்டும் அது வேண்டா வெறுப்பாக யோசித்துவிட்டு நின்றது.

"தம்பி, இந்த பிரேக்க வச்சுக்கிட்டு நீ பெஞ்சு மேல ஏறுனதே பெரிய விஷயம்" என்றேன்.

"அண்ணே, ரிவ்யூல சூப்பர்னு போட்டிருந்தான் லா."

அன்றிலிருந்து அந்த வண்டி என் சமையலறைக்குக் குடிவந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டேன். கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம் அவனுக்கு நீளம், குட்டையானதாக மாற்றினேன். முன் சக்கரம் நினைத்த மாத்திரத்தில் எழும்ப ஆரம்பித்தது. பெடலை மிதித்ததும் சக்கரம் உடனே பிடிக்க வேண்டும், இடையில் கடகடவென்று காலியாகச் சுற்றக் கூடாது. அதற்கேற்ற ஹப்பை, சக்கரத்தின் நடு உருளையை, ஜப்பானிலிருந்து வரவழைத்தேன். பிரேக் எண்ணெயில் ஒரு குமிழி இல்லாமல் எடுத்து, ஒரே விரலில் வண்டி சிலையாக நிற்கும்படி செய்தேன். என் மனைவி சிவதர்ஷினி வாசலில் நின்று பார்ப்பாள்.

"இஞ்ச பாருங்கோ, இது குசினியா, வொர்க்‌ஷாப்பா? எனக்குக் கறிக்குத் தாளிக்கோணும்."

சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்த் தாளிப்பாள். நல்ல பெண்.

ஓர் ஆண்டில் சக்தி ஊர் அறிந்த ஆளாகிவிட்டான். கேலாங்கில் படிக்கட்டுக் கைப்பிடிமேல் ஓட்டினான், லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவே இருந்த சந்துக்கு மேலே தாவினான். வீடியோக்களை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஒன்றில், பேட்டி எடுத்த பெண் கேட்டாள், வண்டியை இவ்வளவு அழகாகத் தயார் செய்தது யார் என்று. சக்தி தலைமுடியைக் கோதிக்கொண்டு சொன்னான்: "செட்டப் எல்லாம் நானே லா. என் பைக்க வேற யாரு கையும் தொடாது."

தயவுசெய்து இந்த இடத்தில் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். அடுத்த வாரம் அவன் வந்தபோது அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. சிவதர்ஷினிதான் கேட்டாள். அவன் சிரித்தான். "ஐயோ அக்கா, கேமரா முன்னாடி சும்மா வந்துடுச்சு. அண்ணனுக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா?" நான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு வந்த வீடியோக்களிலும் அவனுக்குச் சும்மா வந்துகொண்டே இருந்தது.

பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் ஒரு திடலில் நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. இரண்டு கண்டெய்னர் பெட்டிகளைப் படி மாதிரி சற்றுத் தள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து நேராகச் சிமெண்டுத் தரைக்குத் தாவப்போவதாகச் சொன்னான். முன் சக்கரத்தில் இறங்கப் போகிறானாம். அது அவன் அதுவரை செய்யாதது. "சும்மா அறிவிச்சுட்டேன் அண்ணே, இன்னும் பயமா இருக்கு. நீங்க பைக்க பக்காவா பண்ணிக் குடுத்தா ஏறிடுவேன். இல்லைன்னா கீழ் பெட்டியோட நிறுத்திக்கிறேன்" என்றான். அவன் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

வண்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன். கைப்பிடித் தண்டு நுழையும் குட்டைக் குழாய் இருக்கிறதே, அதோடு கீழ்க் குழாய் சேரும் பற்றவைப்பின் ஓரத்தில் ஒரு கோடு. கீறலாகவும் இருக்கலாம். எனக்குச் சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்காமல் விடும் பழக்கம் இல்லை. பட்டறையிலிருந்து நாங்கள் பயன்படுத்தும் புட்டிகளைக் கொண்டுவந்தேன். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளிக்க வேண்டும். கீறல் என்றால் ஒன்றும் தெரியாது. விரிசல் என்றால் உள்ளே போன சாயம் பொடியில் ஊறி வெளியே வரும்.

வந்தது. வெள்ளைமேல் அழகான மெல்லிய சிவப்புக் கோடு, குழாயின் பாதிச் சுற்றுக்கு.

துவாஸில் இதைக் கண்டிருந்தால் உடனே சிவப்பு அட்டை கட்டி, ஆட்களை விலக்கி, மேனேஜருக்குப் போன் செய்து, எல்லாருக்கும் ஒரு பாதுகாப்புப் பாடமும் எடுத்திருப்பேன். ஆனால் இது துவாஸ் அல்ல, என் சமையலறை. அதுவும் இந்த வண்டியை என் கை தொட்டதே இல்லை என்று ஊரே அறியும். தொடாத வண்டிக்கு நான் எப்படி அட்டை கட்டுவது? பொடியைத் துடைத்தேன். சக்தியின் சேனல் பெயர் போட்ட ஸ்டிக்கர்கள் ஒரு கட்டு மேசையில் கிடந்தன. ஒன்றை எடுத்து, குமிழி விழாமல், கோடு முழுவதும் மறையும்படி ஒட்டினேன்.

பிறகு வேலையைத் தொடங்கினேன். அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. பிரேக் பட்டைகளைப் புதிதாக மாற்றி, ஓட்டிப் பழக்கி, விரல் வைத்தாலே கவ்வும்படி செய்தேன். செயினின் தொய்வைச் சரிபார்த்தேன். கைப்பிடியை அவன் மணிக்கட்டுக்கு ஏற்பத் துளி பின்னால் சாய்த்தேன். எல்லாப் போல்ட்டுகளையும் அளவு காட்டும் ஸ்பேனரால், சொன்ன அளவுக்கே இறுக்கினேன். அந்தக் கம்பெனிக்காரர் குறை சொல்லும் போல்ட்டும் அதில் அடக்கம். ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்பீர்கள். வண்டி கொஞ்சம் தளர்வாக இருந்திருந்தால் சக்தி கீழ்ப் பெட்டியோடு நின்றிருப்பான். அந்த உயரத்துக்கு அந்த ஃபிரேம் தாங்கியிருக்கும்.

வண்டியை எடுக்க வந்தவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அண்ணே, ஸ்டிக்கர் பிளேசிங் செம்ம லா. கேமராவுல நேரா விழும்" என்றான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்பேனர் பிடித்தவன்தான் முதல் தாவல் தாவ வேண்டும். பூட்டியவனே ஏறப் பயந்தால் ஓட்டுகிறவன் எதை நம்பி ஏறுவான்? திடலில் அன்று கூட்டம் அதிகம். சக்தியின் அம்மா மங்களம், வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். நண்பர்கள் எல்லாருக்கும் கொடுத்தார், எனக்கு மட்டும் முந்திரி கூடுதலாக வைத்தார். ரித்திக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவன்தான் படம் எடுப்பவன். கேமரா ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் சக்தி வண்டியை என் பக்கம் தள்ளினான்.

"முழங்கால் எப்படி அண்ணே? வேணாம்னா விட்டுடலாம்."

"வழக்கத்த ஏன் மாத்தணும்?" என்றேன்.

கீழ்ப் பெட்டியில் ஏறித் தாவினேன். பின் சக்கரத்தில் இறங்கினேன். உடம்பைப் பின்னால் தள்ளி, முன்பக்கத்தில் துளி பாரம் விழாமல். எல்லாரும் கைதட்டினார்கள். மங்களம் அக்கா சாமியைக் கும்பிட்டார். நானும் அதே வண்டியில் ஏறியவன்தான், ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான் என்று பல மாதங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே இருந்தது. இன்று உங்களிடம் முழுவதும் சொல்வதாக உட்கார்ந்திருப்பதால் இதையும் சொல்கிறேன். முன் சக்கரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சக்தி மேல் பெட்டியின் விளிம்பில் நின்று என்னைப் பார்த்தான். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். ஒரே ஒரு சொல்லில் அவனை இறக்கியிருக்கலாம். ரித்திக்கின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவன் அழகாகத் தாவினான், இப்போதும் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான தாவல். முன் சக்கரம் தரையைத் தொட்டது. ஃபிரேம் கைப்பிடியிலிருந்து பிரிந்து தனியாகப் போனது. அதற்குப் பிறகு மங்களம் அக்காவின் குரல்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான், கழுத்தை அசைக்காமல் பிடித்திருந்ததும் நான். முதலுதவியில் நான் சான்றிதழ் பெற்றவன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஃபிரேமில் விரிசல் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தேன். தெரிந்தே அவனைப் பெரிய தாவலுக்குத் தயார் செய்து அனுப்பினேன். அவன் மார்புக்குக் கீழே இனி எதையும் உணர மாட்டான் என்றால், அதைச் செய்தவன் நான். ஆனால் அந்தப் போல்ட்டில் ஒரு குறையும் இல்லை. உடைந்த இடத்தைச் சோதனைக்கு அனுப்புங்கள், ஸ்டிக்கருக்கு அடியில் சாயம் கிடைக்கும். பூட்டியவனுக்கு வேலை தெரியவில்லை என்று எவனோ ஒருவன் எழுதிவைத்துவிட்டுப் போவதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

சக்தியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன், ஆனால் இதைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் வாங்கிக் கொடுத்த சக்கர நாற்காலி அவனுக்குச் சரிப்படவில்லை. முதுகுப் பலகை உயரம், முன் சக்கரம் நடுங்கியது. போன ஞாயிறு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது கை வைத்தாலே உருள்கிறது, நினைத்த இடத்தில் நிற்கிறது. மங்களம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரித்திக் கேமராவைக் கொண்டுவந்திருந்தான். சக்தி அதைப் பார்த்து, "அப்பவும் சரி, இப்பவும் சரி, எனக்கு செட்டப் பண்ணிக் குடுக்குறது மிதுனன் அண்ணன்தான்" என்றான். மின்விசிறிச் சத்தத்தில் பெயர் சரியாகப் பதிவாகியிருக்காது என்று சொல்லி, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னான்.