மருத்துவர் ஜியான் பெய்ரோங் பார்த்த பிறை

தலைமை தாங்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் மருத்துவர் பெய்ரோங்கின் கணவர் திரு. ஷாவ் அவர்களே, கண் பிரிவுத் தோழர்களே, செவிலியர்களே, மழையோடு மழையாக பூதாய் கடற்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மருத்துவர் ஜியான் பெய்ரோங்குக்கு மேடைப் பேச்சு பிடிக்காது. யாராவது பேச்சை நீட்டினால் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். இன்று, அவருடைய நினைவுக் கூட்டத்தில், அந்தத் தொல்லை எனக்கு இல்லை. அதை நினைத்தால்தான் பேச்சு வரமாட்டேன் என்கிறது.

கல்லூரியில் அவர் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். அன்று முதல் அவர் எனக்கு அக்கா. இந்த சியாயி நகர மருத்துவமனையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. சுவருக்கு அந்தப்பக்கம் அவர் யாரையாவது கடிந்துகொண்டால் இந்தப்பக்கம் என் நோயாளிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவரைப் பொறுமைசாலி என்று நான் புகழப்போவதில்லை. நோயாளிகளிடம் அவருக்குப் பொறுமை இருந்தது. எங்களிடம் இல்லை. கண் பின்புறப் படத்தைப் பார்த்துவிட்டு, "கடுமையான கிட்டப்பார்வையில் வழக்கமான மாற்றம்" என்று எழுதி வைக்கும் மருத்துவரை அவர் விடவே மாட்டார். "வழக்கமானதுன்னு எழுதியிருக்கியே, பார்த்துட்டு எழுதினியா, பார்க்காம இருக்கறதுக்கு எழுதினியா?" என்று கேட்பார். என்னையும் கேட்டிருக்கிறார்.

இந்த அரங்கில் கண்ணாடி அணியாதவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கைகள் எழும்? நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முதலில் வாங்கும் பரிசே மூக்குக்கண்ணாடிதான். அதில் சிலருக்கு பவர் நிற்பதில்லை. ஆயிரம் டிகிரி, ஆயிரத்து ஐநூறு டிகிரி, அதாவது மைனஸ் பத்து, மைனஸ் பதினைந்து என்று ஏறிக்கொண்டே போகும். கண் நீள்கிறது. நீளும் கண்ணில் உள்ளே இருக்கும் படலங்கள் இழுபடுகின்றன. பார்வை நரம்பு கண்ணை விட்டுப் புறப்படும் வாசலில், ஓரமாக, வெளுத்த பிறை ஒன்று தோன்றுகிறது. வருடங்கள் போகப்போக அது அகலமாகிறது. சிலருக்கு நரம்பைச் சுற்றி முழு வளையமாகவே மூடிக்கொள்கிறது. பெரும்பாலான மருத்துவர்கள் அந்தப் பிறையைப் பார்த்தவுடன் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். பெய்ரோங் அக்கா அங்கேதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஏன்? அவர் கண்ணிலும் அது இருந்தது.

பூதாயில் பால்மீன் குளங்கள் வைத்திருக்கும் ஹோங் தியான்லாய் அவர்கள் இங்கே வந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி சியூகின். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க டாக்டர், நான் அழுததை மட்டும் விட்டுடுங்க" என்றார் ஹோங். அவர் அழவே இல்லை என்பதை இந்த அவைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வடக்கே ஒரு பெரிய மருத்துவமனையில் அவருடைய வலது கண்ணைப் பார்த்திருக்கிறார்கள். நரம்பை ஒட்டி, பிறையின் கீழ் விளிம்பில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேடு. கட்டியாக இருக்கலாம், கண்ணையே எடுக்க வேண்டிவரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நேரே பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

கணவனும் மனைவியுமாக அக்காவின் அறைக்கு வந்தார்கள். கதவு திறந்திருந்தது. பேச்செல்லாம் எனக்குக் கேட்டது.

"எடுக்கணும்னா எடுத்துடுங்க டாக்டரம்மா. இழுத்தடிக்காதீங்க. அதான் இன்னொரு கண்ணு இருக்குல்ல" என்றார் ஹோங்.

"நீ சும்மா இருய்யா. அந்த இன்னொரு கண்ணு மட்டும் என்ன வாழுதாம்?" என்றார் சியூகின்.

அக்கா எல்லாப் படங்களையும் மறுபடி எடுத்தார். அவசரப்படவில்லை. மாலையில் என்னையும் உள்ளே கூப்பிட்டுவிட்டுத்தான் பேசினார். "கட்டின்னா உள்ள சதை இருக்கணும். இங்க மேடுன்னு தெரியறதுக்கு உள்ள வெறும் பொந்துதான் இருக்கு. உங்க கண்ணு நீண்டதுல நரம்போரமா அடிப்பக்கம் பிரிஞ்சு குழிஞ்சிருக்கு. எடுக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

"பெரிய ஆஸ்பத்திரியில கட்டிங்கறாங்க, நீங்க பொந்துங்கறீங்க. நாங்க யாரை நம்பறது?" என்றார் சியூகின். அந்தக் கேள்வியில் என்ன தவறு? கண் அவர்களுடையது.

அக்கா திரையில் இன்னொரு படத்தை வைத்தார். அதே பிறை, அதே ஆரஞ்சு மேடு.

"இது யாரோடது?" என்றார் சியூகின்.

"என்னோடது. இடது கண்ணு. இதை வச்சுக்கிட்டுத்தான் உங்களைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

சியூகின் படத்தைப் பார்த்தார், அக்காவின் கண்ணாடியைப் பார்த்தார். "அப்ப நீங்களும் எங்காளுதான்" என்றார்.

"ஆனா ஒண்ணு. மூணு மாசத்துக்கு ஒருக்கா தவறாம வரணும். அது வளர்ந்துச்சுன்னா நானே வடக்க கூட்டிட்டுப் போறேன். நான் சொன்னதுதான் சரின்னு காட்டறதுக்காக உங்க கண்ணைப் பணயம் வைக்க மாட்டேன்."

அந்தக் குளிர்காலத்தில் குளிர் அலை வீசியது. ஹோங் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. அக்கா என் அறைக்கு வந்து, "காவ், காரை எடு" என்றார். அவர் கார் ஓட்டுவதில்லை. "நான் ஓட்டினா ரோட்டுல போறவன் பாவம்" என்பார்.

பூதாயில் குளம் முழுக்க, குளிரில் செத்த மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஹோங் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையால் அள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கரையேறவில்லை. "மீனே போயிடுச்சு. இனிமே கண்ணு இருந்து எதைப் பாக்கறது?" என்றார்.

அக்கா ஆறுதல் சொல்லவில்லை. "செத்த மீனை அள்ளறதுக்கும் கண்ணு வேணும். மேல வாங்க."

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையருகே ஹோங்கை உட்காரவைத்துக் கண்ணில் மருந்து விட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டார். நெடுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு, "அப்படியே இருக்கு, வளரல" என்றார். சியூகின் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் எங்களுக்கு மீன் கஞ்சி கொடுத்தார். ஆவியில் கண்ணாடி மங்கிப்போய், கிண்ணம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அக்கா தடவியதைப் பார்த்து ஹோங் சிரித்தார். அன்று அந்த வீட்டில் யாராவது சிரிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கண் எடுக்கப்படவில்லை. நண்பர்களே, அந்தக் கண்தான் இப்போது இந்த மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடற்கரைக் கிராமங்களுக்கு மாதந்தோறும் நாங்கள் போகத் தொடங்கியதும் அந்த மேசையிலிருந்துதான்.

மற்றவர் கண்ணை இப்படிப் பார்த்தவர் தன் கண்ணைப் பார்க்காமல் இருப்பாரா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிய வேளையில் என்னிடம் வந்து, பார்வைப் பரப்புச் சோதனை செய்யச் சொன்னார். செய்தேன். இடது கண்ணில் நடுப்பார்வைக்கு வெகு அருகில் ஒரு பகுதி இருண்டிருந்தது.

"சின்னதுதான் அக்கா. அடுத்த தடவை சரியா வரலாம்" என்றேன்.

"எனக்குச் சொல்லாத. எதிர்ல ஒரு நோயாளி உக்காந்திருந்தா எப்படிச் சொல்லுவியோ அப்படிச் சொல்லு."

சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். அறுவை அரங்கம் அவருக்கு எவ்வளவு பிரியமானது என்று இங்கே உள்ள செவிலியர்களுக்குத் தெரியும். திரும்பியபோது, "வெள்ளிக்கிழமை ஆபரேஷனெல்லாம் நீ எடுத்துக்க" என்றார்.

"வர்ற வெள்ளிக்கிழமை மட்டும் நீங்களே செஞ்சிடலாமே."

"வெள்ளிக்கிழமை வர்றவங்க கண்ணு மட்டும் இளப்பமா?"

யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. என்னைத் தவிர யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அன்றே நிறுத்தினார். பிறகு அவர் அறுவைக் கத்தியைத் தொடவில்லை. நோயாளிகளைப் பார்ப்பதையும் படங்களைப் பார்ப்பதையும் விடவும் இல்லை.

இத்தகைய கண்களில் பார்வை இருள்வது எப்போதும் கண் அழுத்தத்தால் அல்ல, பிறையின் விளிம்பு உள்ளே சரியும் இடத்தில் நரம்பிழைகள் இழுபட்டு அறுவதால்தான் சிலருக்கு அப்படி நேர்கிறது என்பது அவருடைய எண்ணம். மாநாடுகளில் பலர் ஏற்கவில்லை. நானும் முழுதாக ஏற்றதில்லை. அதற்காக என்னோடு ஒரு வாரம் பேசாமல்கூட இருந்திருக்கிறார்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அவருக்கு அதிக காலம் கிடைக்கவில்லை. படுக்கையில் பார்க்கப்போனபோது திரு. ஷாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். "கருவிழி ரெண்டும் யாருக்காவது போகட்டும். மிச்சத்தை நீ எடுத்துக்க. நரம்போரத்தை வெட்டிப் பாரு."

திரு. ஷாவ் கேட்டார்: "செத்தும் இவரோட சண்டை போடணுமா உனக்கு?"

"பின்ன? இவன் இன்னும் ஒத்துக்கலையே" என்றார் அக்கா.

அவர் விரும்பியபடியே நடந்தது. இரண்டு பேருக்குக் கருவிழி பொருத்தப்பட்டுவிட்டது. மிச்சம் நம் ஆய்வகத்தில் இருக்கிறது.

இந்த அவையின் முன் நான் உறுதி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பூதாய்க்கு மாதந்தோறும் போவது நிற்காது. நம் பிரிவில் எந்தப் பிறையும் "வழக்கமானது" என்ற சொல்லோடு கடந்து போகாது. அடுத்த மாதம் அக்காவின் இடது கண்ணின் மெல்லிய சீவல்கள் கண்ணாடித் தகட்டில் தயாராகும். முதலில் பார்க்கப்போகிறவன் நான். நரம்போரம் இழைகள் அறுந்திருந்தால் அறுந்திருக்கிறது என்று எழுதுவேன். அறுந்திருக்காவிட்டால், அக்கா நினைத்தது தவறு என்றே எழுதுவேன். அவர் எண்ணம் சரியாக இருக்க வேண்டும் என்று இப்போது என் மனம் ஆசைப்படுகிறது. அந்த ஆசையை வெளியே வைத்துவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் போவேன்.