நிழுவை

காதுக்குள் குச்சி விட்டுக் குடையாதீர்கள் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்கிறேன். தலையை ஆட்டுகிறார்கள், வீட்டுக்குப் போய்க் குடைகிறார்கள். பத்தொன்பது வருடமாக மருத்துவமனையில் செவித்திறன் சோதிப்பதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

ஐயா, நீங்கள் அந்தப் பட்டறைக்காரரைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், அவசரமில்லை. ஆனால் அக்காவிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அக்கா தையல்காரி. மாமா போன பிறகு இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். போன வருடம் அவளுக்கு ஒரு போன் வந்தது. மாமா யாருடைய கடனுக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாராம், கடன் வாங்கியவன் ஓடிவிட்டானாம், இனி அக்காதான் கட்ட வேண்டுமாம். பேசியவன் நிலுவை என்று சொல்லமாட்டான், நிழுவை என்பான். சுத்தத் தமிழ் பேசுகிறேன் பேர்வழி என்று லகரத்தையெல்லாம் ழகரமாக்கும் ஆட்கள் உண்டே, அந்த ரகம். காழ அவகாசம் முடிந்துவிட்டது, மேழதிகாரி கோபமாக இருக்கிறார் என்பான். முதலில் நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். வாத்தியார் என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தோம். உன் வாத்தியார் இன்று பாடம் எடுத்தாரா என்று தினம் கேட்பேன்.

அது ஏமாற்று வேலை என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. உண்மையில் பாக்கி இருந்தால் பேரும் முகவரியும் சொல்வார்கள், கடிதம் அனுப்புவார்கள், அதைச் சரிபார்க்க நாலு நாள் விடுவார்கள். இவனோ சாயங்காலத்துக்குள் கட்டு என்றான், யாரிடமும் சொல்லாதே என்றான். தன்னிடம் இருந்திருக்க வேண்டிய கணக்கு எண்ணை அக்காவிடமே கேட்டான். போனை வைத்தால் வழக்கை முதலிலிருந்து ஆரம்பிப்பேன் என்று மிரட்டினான். அவன் பேரைக் கேள், எழுத்தில் அனுப்பச் சொல், ஒன்றும் ஒத்துக்கொள்ளாதே, வைத்துவிட்டு வங்கிக்கு நீயே போய் விசாரி என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் அவள் சொன்னாள்.

"பேரு கேட்டேன்டி. அவன் என் பேரைச் சொல்றான். உன் பேரைச் சொல்றான். நீ ஆஸ்பத்திரியில எந்த மாடியில உக்காந்திருக்கேன்னுகூடச் சொல்றான்."

அதெல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம்தான், போனை வைத்துவிட்டுப் போய்த் தூங்கு என்றேன். எனக்கு அன்று வேலை அதிகம். நான் சொன்னதில் தவறு ஒன்றும் இருந்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு அக்கா அவனைப் பற்றிப் பேசவில்லை. விட்டது தொல்லை என்று நினைத்தேன். அவள் வீட்டில் தையல் இயந்திரம் இருந்த இடம் காலியாக இருந்தது. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாள். இரண்டு மாதமாகவா ரிப்பேர் என்று கிண்டல் செய்துவிட்டு வந்தேன். ரத்த அழுத்த மாத்திரை வாங்குவதை அவள் நிறுத்தி ஆறு வாரம் ஆகியிருந்தது. தையல் கூலி, இயந்திரம் விற்ற காசு, மாத்திரைக் காசு எல்லாம் வாத்தியாருக்குப் போய்க்கொண்டிருந்ததை அவள் பக்கத்து வீட்டுக்காரி பிறகுதான் என்னிடம் சொன்னாள். கட்டாவிட்டால் என் மருத்துவமனைக்குப் போன் செய்து என் மானத்தை வாங்குவேன் என்றிருக்கிறான். எனக்காகக் கட்டினாள். ஒரு காலை வேளையில் சமையலறையில் விழுந்தாள். பேச்சு திரும்பவில்லை. பத்து நாள் இருந்தாள்.

அவளுடைய போன் என் கைப்பையில் இருந்தது. அடுத்த வாரம் அடித்தது. அக்கா இறந்துவிட்டாள் என்றேன்.

"அவங்க போயிட்டா என்னங்க? நிழுவை அப்படியே உங்க பேருக்கு வரும்" என்றான்.

நான் கேட்க வேண்டியதையெல்லாம் முறையாகக் கேட்டேன். பேர், முகவரி, எழுத்தில் விவரம். வைத்துவிட்டான். பிறகு அந்த எண்ணே இல்லை என்று வந்தது. உங்கள் ஆட்களிடம்தான் புகார் கொடுத்தேன். ஒரு ரசீது கொடுத்தார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனைக் கொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. ஏழு மாதம் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். காய்கறிக்காரர், லிஃப்ட் இயக்குபவர், பேருந்தில் பின்னால் உட்கார்ந்து போனில் கத்துபவர் என்று வாயைத் திறந்த எல்லோருடைய நாக்கையும் கவனித்தேன். ஒருவனும் அகப்படவில்லை.

அப்போதுதான் பட்டறைக்காரர் வந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். தகரம் தட்டும் வேலை. கைகளெல்லாம் வெட்டுத் தழும்பு. கேள்விக்கெல்லாம் மனைவியே பதில் சொன்னார். டிவி சத்தத்தில் அக்கம்பக்கத்தில் சண்டை வருகிறதாம், வீட்டில் ஆள் ஒரு பக்கம் டிவி ஒரு பக்கம் கத்துகிறதாம். சொல்லி முடித்துவிட்டு அந்தம்மா மருந்து வாங்கக் கீழே போனார்.

அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தேன். வெளிச்சத்தம் உள்ளே போகாது, உள்ளே நடப்பது வெளியில் கேட்காது. காதுக்கு ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். முதலில் சொல் சோதனை. நான் மைக்கில் ஒரு சொல் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மலை என்றேன். மழை என்றார். அலகு என்றேன். அழகு என்றார். விலா என்றதற்கு விழா என்றார். வலி என்றேன், வழி என்றார்.

அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதினேன். எல்லாச் சொல்லையும் சரி என்று அட்டையில் குறித்தேன்.

பிறகு மைக்கில் அவரிடம் சொன்னேன். "இப்போ சத்தம் கொஞ்சம் பெருசா வரும். ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. கழட்டினா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்." தலையை ஆட்டினார். இடது காதுக்கு வைத்து, சத்தக் குமிழை அது போகும் வரைக்கும் திருப்பினேன்.

நல்ல நோயாளி. முகம் சுருங்கியது, தோள் தூக்கியது, கண்ணில் நீர் வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை சத்தம் போகும்போதும் பொத்தானை அழுத்தினார். கேட்கிறது என்று எனக்குத் தெரிவிக்கிறார். என் பக்கம் சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. எட்டு நிமிடம் போல அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு அழுத்துவதை நிறுத்திவிட்டார். கையைப் பொத்தான் மேலேயே தயாராக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவர் போனில் பேசி நாலு வருடம் ஆகிறது என்று மனைவி சொல்கிறார். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அவர் சுத்தியலும் கையுமாக இருந்ததைப் பட்டறை ஆட்கள் சொல்கிறார்கள். எங்கள் துறையிலிருந்து இன்னொருவரை வரவழைத்து அந்த அட்டையைக் காட்டினீர்கள். இது பேச்சுக் குறை இல்லை, கேட்கும் குறை. மலை என்பது இவர் காதில் மழை என்றுதான் விழும், கற்றுக்குட்டிகூட இதைத் தவறு என்று குறித்திருக்கும் என்றாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு மூன்று பேராவது என்னிடம் மலையை மழை என்கிறார்கள். மூன்று பேருக்கும் தவறு என்றுதான் குறிப்பேன்.

ஆனால் ஏழு மாதமாக எனக்கு ஆள் கிடைக்கவில்லை, ஐயா. அக்காவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடக் கூடாது.

ஒரு காதோடு நிறுத்தியிருந்தால் ஏதோ கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாமே என்றீர்கள். உண்மைதான். நிறுத்தத்தான் போனேன். கதவைத் திறந்து, அவர் ஹெட்போனைக் கழற்றினேன். அவர் சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் உரக்கப் பேசினார். அன்று அவராக வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"இந்தக் காதுல இப்ப ஒண்ணும் கேக்கலம்மா. வலியும் இல்ல. டெஸ்ட் நல்லாப் போச்சா?"

ஒவ்வொரு லகரமும் சுத்தமாக இருந்தது. ஓரிடத்திலும் நாக்கு மடங்கவில்லை. எல்லாவற்றையும் நான் தெளிவாகக் கேட்டேன். கேட்ட பிறகுதான், நல்லா போச்சு என்று சொல்லி, ஹெட்போனைத் திரும்பவும் மாட்டிவிட்டு வந்து வலது காதுக்கு மாற்றினேன்.