சுத்தமான பதிவு

— லைனை மட்டும் வெச்சுடாதீங்க சிஸ்டர். மறுபடியும் அந்த "காத்திருங்கள்" டேப்பைக் கேட்டா எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும்.

— வைக்கலை தம்பி. காய்ச்சல் உதவி மையம்னு பேருதான், இன்னிக்கு ஊரே எங்க காதுல வந்து உட்கார்ந்திருக்கு. டேப்பு மேல என்ன கோபம்? நல்ல குரல்தானே.

— அது என் பெண்டாட்டி குரல்.

— யாரு, இப்ப காய்ச்சலா படுத்திருக்காங்களே, அவங்களா?

— அவளேதான். "கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தும்மும்போது முகத்தை மூடுங்கள், இந்த ஆண்டுக்கான தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்." எல்லாம் அவ படிச்சது, நான் பதிவு பண்ணினது. இதே ரூம்ல. இப்ப அந்த மைக்குக்குக் கீழயே மெத்தை போட்டுப் படுத்திருக்கா.

— சரி, ஊசி போட்டுக்கிட்டாங்களா?

— போன வருஷம் போட்டா.

— அது போன வருஷக் கிருமிக்கு. இந்த வருஷம் அது வேற சட்டை மாட்டிக்கிட்டு வந்திருக்கு தம்பி. அதனாலதானே வருஷா வருஷம் போடச் சொல்றோம்.

— தெரியும். அதைக்கூட அவதான் படிச்சா. ஊசி போட்டா ஒருநாள் உடம்பு வலிக்கும், குரல் கனத்துப் போகும், கையில இருக்கிற வேலை முடியட்டும்னு தள்ளிப் போட்டா. அந்த வேலையே உங்க விளம்பரம்தான்.

— நல்லா இருக்கு போங்க. சரி, காய்ச்சல் இப்ப எப்படி?

— நடுவுல விட்டுடுச்சு. எழுந்து கஞ்சி குடிச்சா, என்னைத் திட்டினா, சரி பழைய ஆள் வந்துட்டான்னு நிம்மதியா இருந்தேன். நேத்து மறுபடியும் ஏறிடுச்சு. கூடவே இருமல். எங்க ஸ்டூடியோ பாஷையில சொன்னா, லெவல் எகிறிடுச்சு சிஸ்டர்.

— விட்டுட்டுத் திரும்ப வர்றது நல்லதில்லையே. மாத்திரை என்ன குடுத்தீங்க?

— காய்ச்சல் மாத்திரை. அப்புறம் எனக்குப் பல்லு வீங்கினப்ப வாங்கினது மிச்சம் இருந்துச்சு, ஆன்டிபயாடிக், அதையும்...

— அடடா. உங்க பல்லுக்கும் அவங்க காய்ச்சலுக்கும் என்ன தம்பி சம்பந்தம்? இது வைரஸ். அந்த மாத்திரை அதைத் தொட்டுக்கூடப் பார்க்காது. டாக்டர்கிட்ட காட்டவே இல்லையா?

— முதல் நாளே போனோம். வைரஸுக்குன்னு ஒரு மாத்திரை எழுதினார். ஆரம்பத்துலயே போட்டாத்தான் நல்லா வேலை செய்யும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னார். ஒண்ணு போட்டா, குமட்டுச்சு. வாந்தி எடுத்தா தொண்டை புண்ணாகிடும்னு மிச்சத்தை ஒளிச்சு வெச்சுட்டா. இன்னிக்குக் காலையிலதான் தலையணை உறைக்குள்ள கண்டுபிடிச்சேன்.

— சின்னப் புள்ளைங்களை விட மோசமா இருக்கீங்களே ரெண்டு பேரும். வேற நோய் ஏதாவது? சர்க்கரை, இதயம்?

— சின்ன வயசுல இளைப்பு இருந்துச்சாம். கல்யாணம் ஆனப்புறம்தான் எனக்கே சொன்னா. இந்தத் தொழில்ல அதை வெளிய சொன்னா யாரும் வேலை குடுக்க மாட்டாங்க.

— இதை ஏன் காலையில பேசினப்ப சொல்லலை?

— காலையில எடுத்தது வேற பொண்ணு. எங்க சொல்ல விட்டுச்சு? நாலு வரி அனுப்புறேன், படிக்கச் சொல்லி, பதிவு பண்ணி, உடனே அனுப்புங்கன்னுச்சு. லைன் போயிடுச்சு.

— அந்தப் பதிவைக் கேட்டேன் தம்பி. ரேடியோவுல வர்ற மாதிரி இருந்துச்சு. ஒரு இடத்துல இடறல் இல்லை, பிசிறு இல்லை.

— நம்ம கையில இருந்து போற எதுவும் அழுக்காப் போகாது சிஸ்டர். ஆம்புலன்ஸ் எப்ப வரும்? அதை மட்டும் சொல்லுங்க.

— ஒரே ஒரு வண்டிதான் மிச்சம். ரெண்டு வீடு கேட்குது. நீங்க ஒண்ணு, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் இன்னொண்ணு. நீங்களாக் கூட்டிட்டு வர முடியாதா?

— நாலாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். எனக்கு முதுகுல ஆபரேஷன் ஆகியிருக்கு, ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கவே ஆள் வைக்கிறவன். டாக்ஸிக்காரர் ஒருத்தர் மேல வரைக்கும் வந்தார். இவ இருமினதைக் கேட்டதும், வண்டியைத் தப்பா நிறுத்தியிருக்கேன், மாத்திட்டு வர்றேன்னு இறங்கினவர்தான்.

— அவங்ககிட்ட போனைக் குடுங்க. நானே பேசிப் பார்க்கிறேன்.

— மைக்கு... மைக்கு, எழுந்திரு. ஆஸ்பத்திரியில இருந்து. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

— வணக்கம் சிஸ்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்.

— வணக்கம்மா. என்ன இது, டேப்பு ஓடுற மாதிரியே பேசுறீங்க. மூச்சு விடச் சிரமமா இருக்கா?

— கொஞ்சம்கூட இல்லை.

— நெஞ்சு வலி?

— இல்லை. காதுதான் பயந்துக்கிட்டு.

— காது வலிக்குதா?

— இல்லை சிஸ்டர், காதுன்னு என்னைத்தான் கூப்பிடுவா. நான் இவளை மைக்குன்னு கூப்பிடுவேன். மைக்கு, ஒழுங்கா உண்மையைச் சொல்லு. இது ரெக்கார்டிங் இல்லை.

— போதும் காது. தண்ணி குடு.

— சரிம்மா, படுங்க. தம்பி, நான் உள்ளதைச் சொல்லிடறேன். அந்தப் பெரியவருக்கு மூணு வார்த்தை சேர்ந்தாப்ல வரலை. உங்க சம்சாரம் இப்பப் போன்லயும் தெளிவாப் பேசுறாங்க, பதிவும் கண்ணாடி மாதிரி இருக்கு. வண்டியை அவருக்கு விடறேன். என்னை மன்னிச்சுக்குங்க.

— சிஸ்டர், கொஞ்சம் பொறுங்க.

— ஒரு வண்டி மட்டும் போற குறுகலான பாலம், ஏறிட்டா நடுவுல திரும்ப முடியாது. இப்பவே சொன்னாத்தான் உண்டு. ... ஆமாப்பா, பெரியவர் வீட்டுக்கே போ. கிளம்பு.

— அப்ப எங்களுக்கு?

— அடுத்து எந்த வண்டி ஃப்ரீ ஆகுதோ அது. எப்பன்னு என்னால சொல்ல முடியாது. அது வரைக்கும் தலைப் பக்கம் உயர்த்தி வைங்க. தண்ணி, கஞ்சித் தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா. ஜன்னலைத் திறந்து விடுங்க. நீங்க மாஸ்க் போட்டுக்குங்க.

— ஜன்னலே கிடையாது. சத்தம் வராம இருக்கச் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டின ரூம். உள்ள கத்தினாக்கூட வெளிய யாருக்கும் கேட்காது.

— அப்போ கதவையாவது திறங்க தம்பி, காத்து வரட்டும்.

— திறந்துட்டேன்... மைக்கு, என்ன? என்ன சொல்றே?

— சிவப்பு விளக்கு... எரியுது. கதவை... ஏன் திறந்தே?

— விளக்கு எதுவும் எரியலைம்மா. ரெக்கார்டிங் இல்லை. படு.

— டேக்... ரெண்டு. போகலாம்... காது.

— சிஸ்டர், இவ ரெக்கார்டிங் நடக்குதுன்னு நினைச்சுப் பேசறா. கண்ணு என்னைப் பார்க்குது, ஆனா என்னைப் பார்க்கலை.

— எப்ப இருந்து இப்படி? முன்னாடி குழப்பமாப் பேசினாங்களா?

— இல்லை, இப்பத்தான். உங்ககிட்ட பேசினப்பகூட எப்பவும் போலதானே இருந்தா? ஆனா அவ கையைப் பிடிச்சிருந்தேன். ஒவ்வொரு பதில் சொல்றதுக்கும் முன்னாடி என் விரலை இறுக்கினா. மேடையில ஏறுறதுக்கு முன்னாடி அப்படித்தான் பண்ணுவா.

— உதடு என்ன நிறத்துல இருக்கு? பார்த்துச் சொல்லுங்க.

— இங்க வெளிச்சம் கம்மி... போன் டார்ச் அடிக்கிறேன். சிஸ்டர், சாம்பல் பூசின மாதிரி... இல்லை, நீலமா இருக்கு. நகமும்.

— அப்படி இருக்கக் கூடாதே... ஏம்ப்பா, வண்டி எங்க இருக்கு? கேளு, சீக்கிரம் கேளு. ... பாலத்துல ஏறிடுச்சா?

— திருப்பச் சொல்லுங்க சிஸ்டர்.

— பின்னாடி முழுக்க வண்டிங்க நிக்குதாம் தம்பி. ஐயோ, எனக்குப் புரியலை. நான் காதால கேட்டுட்டுத்தானே முடிவு பண்ணினேன். அந்தப் பதிவுல இப்படி எதுவுமே இல்லையே.

— அந்தப் பதிவுல அப்படி என்னதான் கேட்டீங்க? எதுக்குப் படிக்கச் சொல்றோம்னு அந்தப் பொண்ணு எனக்குச் சொல்லவே இல்லையே.

— குரலைக் கேட்கலை தம்பி, குரல் எப்படியோ இருக்கட்டும். வார்த்தைக்கு நடுவுல எங்கெங்க நின்னு மூச்சு வாங்கறாங்கன்னுதான் கேட்போம். உங்க சம்சாரம் நாலு வரியையும் ஒரு இடத்துலகூட மூச்சு வாங்காமப் படிச்சிருந்தாங்க. பழகின தொண்டை, நுரையீரல் நல்லா இருக்குன்னு நினைச்சேன்.

— மூச்சு வாங்கற சத்தம் நிறைய இருந்துச்சு சிஸ்டர். அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணா நான்தான் வெட்டி எடுத்தேன்.