பெட்டிக்கு நேர் மேலே

உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச் பெட்டி இடது பக்கம் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது சார். வந்து உட்கார்ந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஸ்குரூ டிரைவர் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. கொடுக்க மாட்டீர்கள், தெரியும். எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. “கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவன்” என்று அம்மா சொல்வாள். நான் நடந்துகொண்டே பேசினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா போன பிறகு அண்ணனும் நானும் மாடி வீட்டைப் பிரித்துக்கொண்டோம். சண்டை ஒன்றும் இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே. அண்ணன் தையல்காரன், குடும்பஸ்தன். நான் எலக்ட்ரீஷியன், ஒண்டிக்கட்டை. கூடத்தின் நடுவே செங்கல் சுவர் எழுப்பினால் தளம் தாங்காது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். அதனால் தகரச் சட்டங்களை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்துத் தடுத்தோம். மொத்தக் கனமே மூன்று அங்குலம்தான். அவர்களுக்கு முன்தெருப் படிக்கட்டு, எனக்குப் பின்சந்துப் படிக்கட்டு. அம்மா யாரோடு இருப்பது என்ற பேச்சு வந்தபோது, “பெரியவனோடயே இருந்துடுறேன்டா. நீ காலைல போனா பொழுது சாஞ்சுதான வர்ற?” என்றாள். நியாயமான பேச்சு. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அந்தச் சுவருக்கு வயரிங் செய்தது நான். இவ்வளவு மெல்லிய சுவரில் பெட்டி பதிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். பெட்டி ஆழமாக இருந்தால் அடுத்த பக்கத்துப் பலகையில் முட்டும். இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் முதுகோடு முதுகு வைக்கவும் கூடாது. நடுவில் ஒரு சட்டமாவது தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே இருமினால் இங்கே கேட்கும். நான் முதுகோடு முதுகுதான் வைத்தேன். அண்ணன் காரணம் கேட்டான். “பைப்பு மிச்சம்ணே” என்றேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தக் காதை வைத்தவன் நான்.

வேலை முடிந்து வந்ததும் என் பக்கத்து சுவிட்ச் தகட்டைக் கழற்றிவிட்டு நிற்பேன். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது கேட்கும். அண்ணியோடு சேர்ந்து சிரிப்பது கேட்கும். அவள் பேச்சில் என் பெயர் வராத நாளில் எனக்கு இருப்புக் கொள்ளாது. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எட்டு அடி. நடந்து நடந்து தரையில் தடமே விழுந்துவிட்டது.

போன மாதம் அண்ணன் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். “தம்பி, உன் டிரில் மிஷினக் கொஞ்சம் குடேன். செவுத்துல ஒரு ஷெல்ஃப் மாட்டணும்.” கொடுத்தேன். அவன் ஜாக்கிரதைக்காரன். துணியையே இரண்டு முறை அளக்காமல் வெட்ட மாட்டான். “உள்ள வயர் எங்கடா போகுது? பாத்துச் சொல்லு” என்றான். “பெட்டிக்கு நேர் மேலதாண்ணே போகும். பக்கவாட்டுல நீ தாராளமா ஓட்ட போடு” என்றேன். அது பொய்யில்லை சார், எங்கள் தொழிலின் சட்டமே அதுதான். பெட்டியிலிருந்து பைப்பு நேராக மேலே போக வேண்டும், கோணலாகப் போகக் கூடாது. பின்னால் ஆணி அடிக்க வருகிறவன் பெட்டியைப் பார்த்தே வயர் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். முகம் தெரியாதவனுடைய உயிருக்குக்கூட நாங்கள் பொறுப்பு.

அண்ணன் வருவதற்கு இரண்டு நாள் முன்பே நான் என் பக்கத்துப் பலகையைக் கழற்றி, பைப்பை வளைத்திருந்தேன்.

பெட்டியிலிருந்து குறுக்கே கொண்டுபோய், ஒரு குறிப்பிட்ட இடத்தில் அவன் பக்கத்துப் பலகையை ஒட்டி நிறுத்தினேன். ஆபத்தில் கரண்டைத் துண்டிக்கிற டிரிப்பர் அந்த வயரைத் தொடாதபடி பார்த்துக்கொண்டேன். உங்கள் ஆட்கள் படம் எடுத்திருக்கிறார்கள், மறுபடி சொல்ல என்ன இருக்கிறது? அவனுக்குக் கொடுத்தது இரும்பு உடம்பு கொண்ட பழைய மிஷின். என்னிடம் புதியது ஒன்று இருந்தது.

அவன் எங்கே ஓட்டை போடுவான் என்று அங்குல சுத்தமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். தையல்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அளவை வாய்விட்டுச் சொல்வான், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். அண்ணன் சுவரை அளந்து சொன்னான், அந்தப் பக்கம் அண்ணி எழுதினாள், இந்தப் பக்கம் நான் எழுதினேன். என் பலகையில் உங்கள் ஆட்கள் பார்த்த பென்சில் எண்கள் அவைதான். பெட்டியிலிருந்து பதினான்கு. அகலம் முப்பத்தாறு. உயரம், தரையிலிருந்து எண்பது.

ஆமாம், நீங்கள் புரிந்துகொண்டீர்கள். சுவரில் மாட்டுகிற ஷெல்ஃபைத் தரையிலிருந்து எண்பது அங்குலத்துக்கு யாரும் அளக்க மாட்டார்கள். அது கதவு.

அம்மா ஆசைப்பட்டுக் கேட்ட கதவு; அவள் கேட்டதும் பெட்டி வழியாக என் காதில் விழுந்தது. “சின்னவனப் பாத்து நாலு நாளாச்சுடா. ரெண்டு மாடிப்படி ஏறி எறங்க என் முட்டியால முடியல. இந்தச் செவுத்துல ஒரு கதவு வெச்சுக் குடேன்.” அண்ணன் சிரித்தான். “வெச்சுட்டாப் போச்சு. தகரமும் பலகையும்தானம்மா. ஆனா அவன்கிட்ட மூச்சு விடாதீங்க. கதவத் தெறந்துக்கிட்டு நீங்க போய் நிக்கணும், அவன் முழிக்கிற முழிய நான் பாக்கணும்.”

நல்ல காரியம்தானே என்பீர்கள். நானும் யோசித்தேன். கதவு வைத்தால் அம்மா வருவாள். ஒரு மணி நேரம் உட்காருவாள். அந்தப் பக்கத்திலிருந்து அவன் கூப்பிடுவான், எழுந்து போய்விடுவாள். கதவு வருவதற்கு மட்டுமா, போவதற்கும்தானே. அவன் இல்லையென்றால் அவளுக்கு இருக்கிற ஒரே பிள்ளை நான். இதில் எங்கே கோணல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியருகே நின்றிருந்தேன். மிஷின் மூன்று வினாடி ஓடியது. பிறகு ஒரு நாற்காலி சாய்ந்தது. பிறகு அம்மாவின் குரல் என் காதுக்குள்ளேயே கேட்டது. “சின்னவனே, ஓடியாடா! அண்ணனப் பாருடா!” அண்ணி அதே அறையில் இருந்தாள் சார். அம்மா கூப்பிட்டது என்னை. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

மெயின் சுவிட்ச் என் பக்கத்தில்தான், கைக்கெட்டும் தூரத்தில். நான் அதைத் தொடவில்லை. தகட்டை மாட்டினேன், இரண்டு ஸ்குரூவையும் முறுக்கினேன், நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். வீட்டைப் பூட்டினேன். ஓடினால் இரண்டு நிமிடம். நடந்து போனேன். என் அண்ணனைக் கொன்றவன் நான்தான், இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னைப் பிடித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, அம்மா இன்னும் பார்க்க வரவில்லை. நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை. இந்த அறைக்கு ஏறி வரும்போது எண்ணிப் பார்த்தேன், பதினாறு படி. அவள் முட்டிக்கு அது ஆகாது. கீழே, வாசலை ஒட்டி ஏதாவது அறை காலியாக இருந்தால் என்னை அங்கே மாற்றிவிடுங்கள். படி இல்லை என்று தெரிந்தால் வந்துவிடுவாள்.