எழுத்தாளர் வீட்டு நோட்டில் எழுதியது நான்தான்

காவல் ஆய்வாளர் அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து சிறிதாகவும் இருக்கும். வரி கோட்டை விட்டுக் கீழே இறங்கும். எழுதப் பழகி ஒரு வருடமும் இரண்டு மாதமும்தான் ஆகின்றன. ஆனால் தயவுசெய்து இதை யாரும் அழகாகப் படியெடுத்து வைத்துக்கொண்டு இந்தத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். இந்த விஷயத்தில் இந்தக் கோணல்தான் சாட்சி.

பெயரும் முகவரியும் படிவத்தின் தலைப்பில் என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன். வயது எழுபத்து மூன்று. அடையாள அட்டையில் எழுபத்தொன்று என்று இருக்கிறது. அது எழுதிக் கொடுத்தவர் செய்த தவறு. அன்றைக்கு அதைப் படித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் இயக்கினேன். இப்போது ஓய்வில், மகன் மருமகளோடு இருக்கிறேன். மனைவி காலமாகிவிட்டார்.

இந்த மாதம் ஆறாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நூலகத்தின் பின் அறையில் நடக்கும் முதியோர் எழுத்தறிவு வகுப்பிலிருந்து டீச்சரும் நாங்கள் பதினொரு பேரும் பஸ்ஸில் புறப்பட்டு, எழுத்தாளர் பிறந்த வீட்டைப் பார்க்கப் போனோம். அவர் எழுதிய புத்தகம் எதையும் நாங்கள் படித்ததில்லை. எங்கள் பாடம் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. வாசலில் இருந்த பதிவேட்டில் டீச்சர் எல்லோருக்குமாகச் சேர்த்து, முதியோர் எழுத்தறிவு வகுப்பு, பதினொரு பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் தனியாகப் போடுகிறேன் என்று கேட்டேன். "வேணாங்க ஐயா, நீங்க போட்டு முடிக்கறதுக்குள்ள வீட்டையே பூட்டிருவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதிவேட்டில் என் பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அந்த வீட்டில் மூன்று அறைகள். முதல் அறையில் ஒரு கட்டில், அதன்மேல் 'இந்தக் கட்டிலில் பிறந்தார்' என்று அட்டை. எங்களோடு படிக்கும் தையல்காரம்மா கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல திரும்பிப் படுக்கறதே பெரும்பாடு, பெத்து வேற போட்டிருக்கா மகராசி" என்றார். இரண்டாம் அறையில் குடை, மூக்குக்கண்ணாடி, ஒரு ஜோடிச் செருப்பு. நான் ஒரு அட்டையையும் விடாமல் படித்துக்கொண்டு வந்தேன். அடுத்ததில் என்ன இருக்குமோ என்று மனம் முன்னால் ஓடும், கண் நொண்டிக்கொண்டு பின்னால் வரும். அதனால் மற்றவர்கள் மூன்று அறையும் முடித்துப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனபோது நான் இன்னும் செருப்பில்தான் இருந்தேன்.

அதன் பிறகு தனியாக மூன்றாம் அறைக்குப் போனேன். அது நான் வேலை பார்த்த லிஃப்டைப் போல இரண்டு மடங்குதான் இருக்கும். சன்னலோரம் மேசை, மேசைமேல் விரித்து வைத்த நோட்டு, அதன்மேல் ஒரு கண்ணாடித் தகடு. கடைசிக் காலத்தில் எழுத்தாளர் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து இந்த மேசையில் எழுதினார் என்று அட்டையில் இருந்தது. அறை வாசலில் 'பொருள்களைத் தொடாதீர்கள்' என்று பலகையும் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன், எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன், படித்துவிட்டோமே என்று சந்தோஷப்பட்டேன். படித்ததன்படி நடக்க வேண்டும் என்பது அந்தச் சந்தோஷத்தில் விட்டுப்போயிற்று.

கண்ணாடியில் தூசி படிந்து எழுத்து மங்கலாகத் தெரிந்தது. தோளில் துணியும் கையில் சாவிக்கொத்துமாக வந்த பராமரிப்பாளர் அம்மாவிடம் நான்தான் சொன்னேன், எழுத்து தெரியவில்லை என்று. "படிக்கவா போறீங்க தாத்தா? வர்றவங்க எல்லாம் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. இருங்க, கழுவிக் கொண்டாறேன்" என்று கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் குழாய்க்குப் போனார். இதைத்தான் அவருடைய கவனக்குறைவு என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டதனால் செய்தார். யாரும் கேட்காமல் அவர் அதைத் தூக்கவில்லை.

அதன் பிறகு நான் நோட்டைப் படித்தேன். அச்செழுத்து படித்தே பழகியவனுக்குக் கையெழுத்து சிரமம். கடைசி வரியை மட்டும் அவர் பெரிதாக எழுதியிருந்தார். 'மணி அடித்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். அங்கே' என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கோடு போட்ட தாளில் ஏழு கோடுகள் காலியாகக் கிடந்தன. பக்கத்து அட்டையில் 'முற்றுப்பெறாத வாக்கியம்' என்று இருந்தது.

எங்கள் பாடப் புத்தகத்தில் பதினான்காம் பாடம் அதுதான். முற்றுப்பெறாத வாக்கியங்களை முடிக்கவும் என்று தலைப்பில் போட்டு, பாதி வாக்கியம் கொடுத்து, பக்கத்தில் கோடு விட்டிருப்பார்கள். முடிக்காமல் விட்டால் டீச்சர் சிவப்பு மையில் சுழி போடுவார். என் நோட்டில் இதுவரை ஒரு சுழியும் இல்லை. அந்த நோட்டு எழுத்தாளருடையது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காலிக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கால் இரண்டும் தவித்தன. சன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். இன்னொரு தடவை போய் வந்தேன். கோடு அப்படியே இருந்தது.

மேலும் அந்த வாக்கியத்துக்குப் பதில் எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடம் மணி அடித்ததும் கதவு திறந்தவன் நான். ஏழாம் மாடியில் மணி அடிக்கும், போய்த் திறப்பேன், ஆள் இருக்காது. அடித்தவருக்கு அரை நிமிடம் நிற்கப் பொறுமை இருக்காது. ஒரு நாளில் பத்துத் தடவையாவது இப்படி நடக்கும். அதனால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'யாரும் இல்லை. மணி அடித்தவர் பொறுக்க முடியாமல் படியில் போய்விட்டார்' என்று எழுதிப் புள்ளி வைத்தேன். இந்த மாதம்தான் டீச்சர் என்னைப் பென்சிலிலிருந்து பேனாவுக்கு மாற்றியிருந்தார். பென்சிலாக இருந்திருந்தால் அழித்திருக்கலாம்.

நான் வெளியே வரும்போது பராமரிப்பாளர் கண்ணாடியோடு எதிரே வந்து, "என்ன தாத்தா, முடிச்சீங்களா?" என்று கேட்டார். முடித்தேன் என்றேன். அதன் பிறகு தோட்டத்துக்குப் போனேன். குழாயடியில் அவருடைய ஏழு வயது மகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பள்ளி இல்லை என்பதால் அம்மாவோடு வந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். அவள் எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இதையும் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பதினைந்தாம் தேதி மாலை வகுப்பில் படிக்கப் பழகுவதற்காக ஆளுக்கொரு பத்திரிகைத் தாள் கொடுத்தார்கள். என் தாளில் ஒரு படம். படத்தில் என் எழுத்து. கால் நீண்ட என் 'ர', படுத்துக்கிடக்கும் என் 'ழ'. எழுபத்து மூன்று வயதில் என் எழுத்து பத்திரிகையில் வந்திருக்கிறது. தலைப்பில் 'எழுத்தாளர்' என்ற முதல் சொல்லைப் படித்தேன். மேலே படிக்க ஓடவில்லை. டீச்சரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்து, பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்குப் போய் மருமகளிடம் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்க எழுத்து மாதிரியே இருக்கே மாமா" என்றாள்.

"மாதிரி என்னம்மா மாதிரி, என்னுதேதான்."

"அய்யய்யோ. கீழ படிச்சீங்களா?"

நான் கீழே படித்திருக்கவில்லை. அவள் படிக்கத் தொடங்கினாள். நான் வாங்கி நானே படித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. முதல் பத்தி முடியும்வரை எனக்குச் சந்தோஷம் மிச்சம் இருந்தது. இரண்டாம் பத்தியில், குழந்தையின் கையெழுத்துப்போல இருப்பதால் பராமரிப்பாளரின் மகள் கிறுக்கியிருக்கலாம் என்றும், பராமரிப்பாளரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றும், ஒப்பிட்டுப் பார்க்கச் சிறுமியின் பள்ளி நோட்டைக் காவல் நிலையத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றும் இருந்தது. அன்று வந்து போன எல்லோரையும் விசாரித்ததாகவும் இருந்தது. எங்கள் பதினொரு பேரை யாரும் விசாரிக்கவில்லை. எழுதத் தெரியாதவர்கள் என்று விட்டுவிட்டார்கள்.

மகன் வந்ததும் சொன்னேன். "வாயைத் திறக்காதீங்கப்பா. உங்க ரெக்கார்டு பூரா கைநாட்டு. யாராவது வந்து கேட்டா, எனக்கு எழுதத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சுபோச்சு" என்றான். அவன் சொன்னது சரிதான். ஒரு வார்த்தைதான். எழுபது வருடத்துக்கு மேல் சொல்லிப் பழகிய வார்த்தைதான். அதை மறுபடி சொல்லிப் பார்த்தேன், வாயில் வரவில்லை. இரண்டு நாள் கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். "மாமா, லிஃப்ட்டாவது மேல கீழ போகும், நீங்க குறுக்கயில்ல போறீங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க, காலாவது ஓயும்" என்றாள் மருமகள். மகன் அவளை முறைத்தான். அவள் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

நேற்று, பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை இங்கே வந்தேன். நீங்கள் என் அடையாள அட்டையில் பெருவிரல் ரேகையைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, யாரைக் காப்பாத்த வந்திருக்கீங்க? அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டீர்கள். ஒரு உறவும் இல்லை, ஒரு தடவை பார்த்திருக்கிறேன் என்றேன். நிலைய எழுத்தர் தாமே எழுதிக்கொண்டு ரேகை வாங்குவதற்காக மைப்பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தார். நான் தாள் கேட்டேன். இப்போது ஐந்தாம் தாளில் இருக்கிறேன், இரண்டாம் நாள் பிற்பகல். விரல் வலிக்கிறது. எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்து, "நீங்க முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன் போலிருக்கே" என்கிறார். ஆகட்டும். முப்பத்தெட்டு வருடம் எல்லோருடைய அவசரத்துக்கும் நான் ஓடியிருக்கிறேன்.

சற்று முன்பு நீங்கள் வந்து பத்திரிகைப் படத்தை என் நான்காம் தாளுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தீர்கள். மைப்பெட்டியை மூடி இழுப்பறைக்குள் வைத்துவிட்டுப் போனீர்கள். அதனால் மீதியைத் தைரியமாக எழுதுகிறேன்.

நோட்டில் எழுதியது தப்பு. அதற்கு என்ன தண்டனையோ ஏற்றுக்கொள்கிறேன். பராமரிப்பாளர் அம்மாவை மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளும்படி அந்த வீட்டு நிர்வாகிக்கு நீங்கள் எழுத வேண்டும். அந்தச் சிறுமி நோட்டு பறிபோன நாளிலிருந்து பள்ளியில் எழுத மாட்டேன் என்கிறாளாம், எழுத்தர் சொன்னார். அவள் நோட்டு உங்கள் கோப்பில் நூல் கோத்துக் கட்டியிருக்கிறது. நான் எண்ணிப் பார்த்தேன், இன்னும் இருபத்தாறு பக்கம் எழுதாமல் இருக்கிறது. அதை அவிழ்த்து அவளிடம் கொடுத்துவிட வேண்டும்.

மேலே இருப்பது முழுவதும் நான் செய்ததும் கண்டதும். இன்னதை எழுது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்படி எழுது என்று மட்டும் டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கடைசியில் 'படித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டேன்' என்று அச்சடித்திருக்கும் வரியை அடித்துவிட்டேன். யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே படித்துப் பார்த்தேன்.

கையெழுத்து நிபுணருக்கு இன்னொரு மாதிரி வேண்டும், அடுத்த வாரம் திங்கட்கிழமை வந்து எழுத வேண்டும் என்று எழுத்தர் சொல்கிறார். வந்து எழுதுகிறேன். அதற்குள் அந்த நோட்டை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

(கையொப்பம், என் கையால்)