கட்டிலில் வேலை பார்த்த மாதங்கள்

"செத்த ஆளு எந்த நாட்டுக்கு மக்கா வரி கெட்டணும்?"

நாகர்கோவிலிலிருந்து அருமனை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் தம்பியிடம் கேட்டாள். இறந்துபோன கணவரின் கணக்குக்காக ஆடிட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"அத்தான் அயர்லாந்துல இருக்கும்போ கம்பெனிக்காரவ கம்பெனி பங்கு தாறோம்னு சொன்னாவல்லா, அக்கா. நாலு வருசமா கொஞ்சங்கொஞ்சமா தரவேண்டியத, செத்த பொறவு மொத்தமா தந்துட்டாவ. அங்க வேலை பாத்த காலத்துக்கு உள்ள வரிய அங்கேயே பிடிச்சாச்சு."

"பொறவு இங்க எதுக்கு?"

"சுகமில்லாம வந்த பொறவும் வீட்டுல இருந்தே வேலை பாத்தாவல்லா. அந்த மாசங்களுக்கு உள்ளத இங்க கெட்டணும். அங்க வரி பிடிச்ச பாகத்துக்கு இங்க ரெண்டாவது தடவ கெட்ட வேண்டாம்."

"அந்த மாசம் எல்லாம் கட்டில்லதான கெடந்தாவ?"

"லேப்டாப்ப மடியில வச்சிருந்தாவல்லா."

அவள் வெளியே ரப்பர் தோட்டங்களைப் பார்த்தாள். தம்பியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"வேலைய விட்டுருங்கன்னு எத்தனையோ தடவ சொன்னேன், மக்கா. இப்ப விட்டா இந்தப் பங்கு ஒனக்குக் கிடைக்காதுன்னு சொல்லிட்டாவ."